சாணைச் சக்கரத்தின் பூர்வீகம்

கே: காரைக்காலில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். மீன்பிடித் துறைமுகத்து இரும்புப் படகு வேலைக்கு கட்டிங் வீல், கிரைண்டிங் வீல் இல்லாமல் ஒருநாளும் ஓடாது. அட்டையில் 'க்யூமி' என்று போட்டிருக்கிறதே, அது நம்மூர்க் கம்பெனியா, வெளிநாட்டுக் கம்பெனியா?

ப: பெயர் வெளிநாடு, ஆள் நம்மூர். கார்போரண்டம் யுனிவர்சல் என்பது முழுப்பெயர். கார்போரண்டம் என்பது அமெரிக்கக் கம்பெனி. யுனிவர்சல், இங்கிலாந்தில் சாணைச் சக்கரம் செய்த கம்பெனி. இந்த இரண்டையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டு 1954-ல் சென்னையில் தொழிலைத் தொடங்கியவர்கள் பள்ளத்தூர் முருகப்பா குடும்பத்தார். பலகையில் அவர்கள் பெயர்தான் ஏறவில்லை. உங்கள் காரைக்கால் பிரெஞ்சு ஆட்சியிலிருந்து கைமாறியதும் அதே ஆண்டு நவம்பர் 1-ல்தான்.

இந்தக் குடும்பத்தின் முதல் தொழில் பர்மாவில் வட்டிக்கடை. திவான் பகதூர் ஏ.எம். முருகப்ப செட்டியார் மோல்மீனில் தொடங்கியது. ஜப்பானியப் படை பர்மாவுக்குள் நுழைவதற்கு முன்பே முதலைப் பெருமளவு ஊருக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். பிறகு திரும்பியது உற்பத்திப் பக்கம். 1949-ல் டி.ஐ. சைக்கிள்ஸ், அடுத்து இந்தச் சாணைச் சக்கரம். என்னைக் கேட்டால் சைக்கிளைவிட இதுதான் கெட்டிக்காரத்தனமான முடிவு. யார் என்ன தொழிற்சாலை கட்டினாலும் அங்கே ஒரு சாணைச் சக்கரம் சுற்றியாக வேண்டுமே!

திருவொற்றியூரில் இன்றும் ஒரு பேருந்து நிறுத்தத்துக்கு 'அஜாக்ஸ்' என்று பெயர். இந்தக் குடும்பத்தாரின் எமரித் தாளுக்கும் அதே பெயர்; வாங்குகிறவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கே: சக்கரத்தில் இருக்கும் பொடி எங்கே தோண்டி எடுக்கிறார்கள்?

ப: தோண்டுவதில்லை, காய்ச்சுகிறார்கள். 1891-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் எட்வர்ட் அச்சசன் என்பவர் செயற்கை வைரம் செய்யும் ஆசையில் களிமண்ணையும் கரிப்பொடியையும் கலந்து மின்சாரம் பாய்ச்சினார். வைரம் வரவில்லை. கார்பன் கம்பியில் மினுமினுவென்று சில படிகங்கள் ஒட்டியிருந்தன. கண்ணாடியைக் கீறிப் பார்த்தார், கீறியது. அதுதான் சிலிக்கான் கார்பைடு. 1893-ல் காப்புரிமை கிடைத்தது.

இன்றும் மூலப்பொருள் மணலும் கோக்கும்தான், இரண்டுமே மலிவு. செலவெல்லாம் மின்சாரத்தில். உலைக்குள் 2,000 டிகிரிக்கு மேல் வெப்பம் வேண்டும். அதனால்தான் அச்சசன் 1895-ல் நயாகரா அருவிக்கே குடிபெயர்ந்தார். க்யூமியும் அதே வழியில் உலைகளைக் கேரளத்தில் வைத்தது. பத்தனம்திட்டா மாவட்டம் மணியாறில் 12 மெகாவாட் நீர்மின் நிலையமும் கட்டிக்கொண்டது. 2007-ல் அது வாங்கிய ரஷ்ய ஆலை இருக்கும் வோல்ஸ்கி நகரமே வோல்கா நதி மின்நிலையத்தோடு வளர்ந்த ஊர். இந்தத் தொழிலின் வரலாற்றை எழுத உட்காருகிறவர் கல் எங்கே கிடைக்கிறது என்று தேடுவதை விட்டுவிட்டு அணைகளைத் தேடலாம். டெல்டாவில் இந்த உலை ஏன் வரவில்லை என்பதற்கும் அதுவே பதில்: நமக்கு வரும் காவிரி, மின்சாரத்தையெல்லாம் மேட்டூரிலேயே கொடுத்துவிட்டுச் சமதரையில் நடந்து வருகிறது.

இன்னொன்று. உருக்கு இரும்புக்குச் சிலிக்கான் கார்பைடு ஒத்துவராது. சூடேறினால் அதிலுள்ள கார்பனை இரும்பு உறிஞ்சிவிடும், முனை மழுங்கிப்போகும். இரும்புக்கு ஏற்றது பாக்சைட்டை உருக்கி எடுக்கும் அலுமினியம் ஆக்சைடு. சிலிக்கான் கார்பைடு, கல்லுக்கும் வார்ப்பிரும்புக்கும் பித்தளைக்கும். கல் அறுக்கிற சக்கரத்தை இரும்பில் வைத்துவிட்டுக் கம்பெனியைத் திட்டுகிறவர்கள் இதைக் கவனிக்க.

கே: துருப்பிடித்த தகட்டின் மேல் இரும்பு மணிகளை வீசிச் சுத்தம் செய்கிறார்கள். முன்பு மணல்தானே வீசினார்கள்? (திருநள்ளாறு வாசகர்)

ப: ஆமாம். மணலை வேகமாகப் பீய்ச்சும் முறைக்கு 1870-ல் காப்புரிமை வாங்கியவர் பெஞ்சமின் டில்க்மன், அமெரிக்க உள்நாட்டுப் போரில் படை நடத்தியவர். மணலில் இரண்டு கோளாறு. ஒரு மோதலிலேயே தூளாகிவிடும். அந்தத் தூள் நுரையீரலில் தங்கி சிலிக்கோசிஸ் நோயைக் கொடுக்கும். வார்ப்படங்களைச் சுத்தம் செய்ய மணல் வீசக் கூடாது என்று பிரிட்டன் 1949-ல் விதி கொண்டுவந்தது. இரும்பு மணியைத் திரும்பத் திரும்ப அள்ளி வீசலாம்.

செய்முறையும் எளிது. உருகிய இரும்பு ஒழுகும்போது அதன்மேல் வேகமாகத் தண்ணீரைப் பாய்ச்சினால் துளித்துளியாகச் சிதறிக் கீழே தொட்டியில் விழுந்து உறையும். உருண்டையாக இருந்தால் ஷாட். அதை உடைத்தால் கூர்முனையுள்ள கிரிட். இதில் பெரிய பெயர் வினோவா, பிரான்சில் ஆல்ப்ஸ் மலையடிவாரத்து ஆலையில் வளர்ந்த நிறுவனம். காரைக்காலுக்கு அந்த நாடு தூரமில்லை!

கே: கட்டிங் வீலின் நடுவளையத்தில் ஒரு தேதி இருக்கிறதே, அது எதற்கு?

ப: காலாவதித் தேதி. பெரும்பாலும் தயாரித்த நாளிலிருந்து மூன்று ஆண்டு. பொடியைப் பிடித்து வைத்திருப்பது பிசின். ஈரம் பட்டால் அதன் பிடி தளரும். கடற்காற்று அடிக்கும் ஊரில் அட்டையைப் பிரித்து வெளியே போட்டு வைக்காதீர்கள். தேதி கடந்த சக்கரம், நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் ஓடும் மெஷினில் உடைந்தால் துண்டு எங்கே பாயும் என்று யாராலும் சொல்ல முடியாது. பாதுகாப்புக் கவசத்தைக் கழற்றிவிட்டு வேலை செய்கிற பையன்கள் உங்கள் பட்டறையில் இருந்தால், இன்றைக்கே மாட்டச் சொல்லுங்கள்.