பஞ்சுக் கையோடு கெவ்லாரைத் தொடாதீர்கள்

பருத்தி நூற்பில் கை பழகி, கெவ்லார் போன்ற அராமிட் நூலை முறுக்க வருகிற பிள்ளைகளுக்கு இதை எழுதுகிறேன்.

1. பருத்தி இழை அங்குலமும் சொச்சமும்தான் நீளம். முறுக்கு இல்லாவிட்டால் அங்கே நூலே கிடையாது. கெவ்லாரில் இழை அறுபடாமல் ஓடுகிறது. 1000 டெனியர் நூலில் 12 மைக்ரான் தடிமனில் 666 இழைகள். முறுக்காவிட்டாலும் அது நூல்தான்.

2. அப்புறம் முறுக்கு எதற்கு? பாரத்தைப் பங்கு போட. முறுக்காத நூலை இழுத்தால் 666 இழையும் ஒரே இழுவிசையில் நிற்பதில்லை. அதிகம் இறுகியது முதலில் அறும். அதன் சுமை மற்றவற்றின் தலையில் விழும். லேசாக முறுக்கினால் இழைகள் ஒன்றையொன்று அழுத்திப் பிடித்துக்கொள்ளும். அறுந்த இழைகூடச் சற்றுத் தள்ளி மறுபடி சுமை தாங்கும்.

3. லேசாக என்றால் ட்விஸ்ட் மல்டிபிளையர் 1.1. 1000 டெனியருக்கு அங்குலத்துக்கு இரண்டரை முறுக்கு, மீட்டருக்கு 100. வெளி இழை சுமார் 7 பாகை சாயும். பலத்தின் உச்சம் அங்கேதான். பாவு நூல் பழக்கத்தில் 4 வைத்தால் அங்குலத்துக்கு 9 முறுக்கு ஏறிவிடும். முதல் வருஷம் நான் அதைத்தான் செய்தேன். நூல் உருண்டு திரண்டு அவ்வளவு அழகாக இருந்தது. டெஸ்டரில் மாட்டினால், 22 கிலோ தாங்க வேண்டியது அதற்கு வெகு முன்பே பட்டென்று போனது. அதிகம் சாய்ந்த இழை பாரத்தை நேராக ஏந்தாது. அதோடு அராமிட் இழுவைக்குப் பிறந்தது. பக்கவாட்டில் நசுக்கினால் பொறுக்காது. இரண்டு நாள் உற்பத்தி வீண். இன்றும் நினைத்தால் மனசு வலிக்கிறது.

4. மாடுலஸ், அதாவது நூலின் விறைப்பு, 7 பாகை வரை காத்திருக்காது, முதல் முறுக்கிலிருந்தே இறங்கும். அதனால் ரெசினில் ஊறப்போகும் நூலைப் பெரும்பாலும் முறுக்காமலே விடுங்கள். டயர் கார்டு வேறு கதை. உருளும்போது மடங்கி மடங்கி நிமிர வேண்டும் என்பதால், கொஞ்சம் பலத்தைத் தெரிந்தே கொடுத்து முறுக்கைக் கூட்டுகிறோம்.

5. சோதனைக்கு நூலை வெட்டும்போது இரு முனையையும் விடாமல் பிடியுங்கள். ஒன்றை விட்டாலும் முறுக்கு பிரிந்துவிடும். கிளாம்பின் வாயிலேயே அறுந்தால் அந்த ரீடிங்கைத் தள்ளிவிட்டு, புதுத் துண்டை மாட்டுங்கள்.