வழிநடத்தப்படும் குண்டுகளின் தோற்றம்

(இரண்டாம் உலக மகா யுத்தம் – மேலதிக வாசிப்பு)



யுத்தங்களைப் பற்றிய வினாக்களுக்கு ஆண்டுகளையும் நாடுகளையும் மட்டும் எழுதினால் முழுப் புள்ளி கிடைக்காது. காரணம், நிகழ்வு, விளைவு ஆகிய மூன்றையும் தொடர்புபடுத்தி எழுத வேண்டும். அதற்கு இப்பாடம் நல்ல பயிற்சியாகும்.

1. இலங்கையும் வான் யுத்தமும்

1942 ஏப்ரல் 5 இல் யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. அன்றே இலங்கைக்குத் தென்மேற்கே கோர்ன்வோல், டோர்செற்சயர் ஆகிய பிரித்தானியப் போர்க்கப்பல்கள் மூழ்கடிக்கப்பட்டன. ஏப்ரல் 9 இல் திருகோணமலை தாக்கப்பட்டது. அதே நாளில் மட்டக்களப்புக்கு அப்பால் ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியது. அப்போது அதில் விமானங்கள் இருக்கவில்லை. யுத்த காலத்தில் நமது புத்தளத்திலும் பிரித்தானியக் கடற்படையின் விமானத்தளம் ஒன்று இயங்கியது.

இக்கப்பல்களைத் தாக்கியவை செங்குத்தாகப் பாய்ந்து குண்டு போடும் விமானங்களாகும். தாழப் பறந்ததால் குறி தப்பவில்லை. ஆனால் இம்முறையில் கப்பலின் பீரங்கிகளுக்கு விமானியும் இலகுவில் இரையாவான்.

2. பிரச்சினை யாது?

உயரத்தில் பறந்தால் விமானி தப்பலாம், குண்டு தவறும். ஒரு கணக்கைப் பார்ப்போம். 6,000 மீற்றர் உயரத்திலிருந்து விடப்படும் குண்டு, காற்றுத்தடையைக் கருதாவிடின், கீழே வர ஏறத்தாழ 35 செக்கன் எடுக்கும். செக்கனுக்கு 13 மீற்றர் வேகத்தில் செல்லும் கப்பல் அந்நேரத்தில் சுமார் 450 மீற்றர் நகர்ந்துவிடும். எனவே விழுந்துகொண்டிருக்கும் குண்டையே திருப்ப ஒரு வழி தேவைப்பட்டது. இதுவே வழிநடத்தப்படும் குண்டு தோன்றக் காரணமாகும்.

3. ஜேர்மனியின் குண்டுகள்

(அ) பிரிற்ஸ் எக்ஸ்: மக்ஸ் கிராமர் என்பவர் வடிவமைத்தார். குண்டின் வாலில் ஒளிரும் தீச்சுடர் ஒன்று இருந்தது. விமானத்திலிருந்தவர் அச்சுடரைப் பார்த்தபடி சிறு கைப்பிடியை அசைப்பார். அதற்கேற்ப வானொலி அலைகள் சென்று வாற்பகுதியை இயக்கிக் குண்டைத் திருப்பின.

(ஆ) ஹென்ஷல் 293: இறக்கைகளும் ரொக்கெற் இயந்திரமும் கொண்டது. 1943 ஓகஸ்ட் 27 இல் பிரித்தானியாவின் ஈக்ரெற் கப்பலை மூழ்கடித்தது.

1943 செப்டெம்பர் 8 இல் இத்தாலி சரணடைந்தமை அறிவிக்கப்பட்டது. மறுநாள் நேசநாடுகளிடம் சென்றுகொண்டிருந்த ரோமா என்ற இத்தாலியப் போர்க்கப்பலைப் பிரிற்ஸ் எக்ஸ் குண்டுகள் மூழ்கடித்தன. 1,200 இற்கும் மேற்பட்டோர் இறந்தனர். செப்டெம்பர் 16 இல் சலேர்னோ கரையோரம் வோர்ஸ்பைற் கப்பல் தாக்கப்பட்டுச் செயலிழந்தது. 1942 ஏப்ரலில் இந்து சமுத்திரத்தில் பிரித்தானியக் கீழைத்தேயக் கடற்படையின் தலைமைக் கப்பலாக இருந்ததும் இதுவே.

4. அமெரிக்காவின் அசோன்

சுமார் 450 கிலோகிராம் குண்டின் வாலில் வானொலிக் கருவி பொருத்தப்பட்டது. இதனை இடம், வலமாக மட்டுமே திருப்ப முடியும். ஆகவே பாலம், புகையிரதப் பாதை போன்ற நீண்ட ஒடுங்கிய இலக்குகளுக்கே பொருந்தியது. 1944 இறுதியிலிருந்து பர்மாவின் பாலங்களைத் தகர்க்க இது பயன்பட்டது. யப்பானியப் படைகளுக்கு உணவும் ஆயுதமும் புகையிரதம் மூலம் சென்றமையே இதற்குக் காரணம். பர்மா–சீயம் புகையிரதப் பாதையை அமைக்க மலாயாவிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் மடிந்ததையும் இங்கு நினைவிற் கொள்க.

5. குறைபாடுகள்

• குண்டு விழும்வரை விமானம் அதனைப் பார்த்தபடி பறக்க வேண்டியிருந்தமையால் எதிரி விமானங்களுக்கு இலக்கானது.
• முகில் மறைத்தால் பயனில்லை.
• நேசநாடுகள் வானொலி அலைகளைக் குழப்பும் கருவிகளைக் கப்பல்களில் பொருத்தின.

முடிவு

குறி தவறாமையும் இரக்கமும் ஒன்றல்ல. குண்டு எங்கே விழ வேண்டும் என்பதைக் கருவி தீர்மானிப்பதில்லை, மனிதனே தீர்மானிக்கிறான். விளைவுகளை எழுதும்போது இறந்தவர்களையும் குறிப்பிடத் தவறாதீர்கள்.

பயிற்சி வினாக்கள்

1. உயரத்திலிருந்து கப்பலைத் தாக்குவது கடினமாக இருந்தது ஏன்?
2. பிரிற்ஸ் எக்ஸ், அசோன் ஆகியவற்றிடையே உள்ள ஒரு வேறுபாட்டைத் தருக.
(குறிப்பு: திருப்பக்கூடிய திசைகளைக் கவனிக்க. பிரிற்ஸ் எக்ஸ் குண்டை மேல், கீழாகவும் திருப்பலாம்.)
3. இக்குண்டுகளின் குறைபாடுகள் இரண்டை விளக்குக.