தசையும் மெசேஜ் அனுப்பும்

கோலியர்ஸ் வுட் பக்கம் டயலிசிஸுக்குப் போற மாமா, மாமி யாரையாவது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். வாரத்தில 3 நாள், தடவைக்கு 4 மணித்தியாலம். பழுதானது சிறுநீரகம், ஆனா பெரிய ஆபத்து இதயமும் இரத்தக்குழாயும்தான். குழாய்ச் சுவரில கல்சியம் படிஞ்சு விறைச்சுப்போகும்.

தசை வெறும் மோட்டர் இல்லை. வேலை செய்யேக்க இரத்தத்துக்குள்ள ஹோர்மோன்களையும் அனுப்பும். அதில ஒன்று ஐரிசின். 2012இல் ஹார்வர்டின் புரூஸ் ஸ்பீகல்மன் குழு அறிவித்தது. கிரேக்கத் தூதுத் தெய்வம் ஐரிஸின் பெயர். டயலிசிஸ் செய்யிறவைக்கு இது குறைவு என்று பல ஆய்வுகள் சொல்லுது. ஆனா அளந்த கிட்டுகளே சரியா என்று பெரிய சண்டை. எங்கட பாஷையில, லொக்கையே நம்பேலாத நிலைமை. 2015இல் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர்தான் மனித இரத்தத்தில் ஐரிசின் உண்மையிலேயே இருக்கு என்று காட்டியது.

எனக்கு இதைவிட முக்கியம் லெஸ்டர் ஆய்வு. 130 பேர், ஒரு பகுதியினர் டயலிசிஸ் ஓடிக்கொண்டிருக்கேக்கயே 6 மாதம் சைக்கிள் பெடல் மிதிச்சினம். 2021இல் வந்த முடிவு: தடித்த இதயத் தசையின் எடை குறைஞ்சது, பெருநாடியின் விறைப்பும் குறைஞ்சது. அதைச் செய்தது ஐரிசின்தான் என்று இந்த ஆய்வை வைச்சுச் சொல்லேலாது.

யூனிட்டில பெடல் இருக்கோ என்று நேர்ஸிட்டக் கேளுங்கோ. பிற்பகுதியில பிரஷர் இறங்கலாம்; அதால முதல் பாதியிலதான் பெரும்பாலும் மிதிக்க விடுவினம்.