பௌர்ணமியில் நிலா பார்க்காதீர்கள்

பள்ளி மைதானத்திலோ கடற்கரையிலோ தொலைநோக்கியை நிறுத்தி, வருகிறவர்களுக்கெல்லாம் வானத்தைக் காட்டும் நிகழ்ச்சிகளைப் பல ஊர்களில் பார்க்க முடிகிறது. வரிசையில் கால் கடுக்க நின்று, குனிந்து, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்துவிட்டு நிமிர்கிறவர்களில் சிலர் முதலில் கேட்பது, “அவ்வளவுதானா?” பெரும்பாலும் குறை கருவியில் இருப்பதில்லை. வீட்டிலிருந்து கிளம்பும்போதே கூடவே கொண்டுவந்த நம்பிக்கைகளில் இருக்கிறது.

“நிலா பார்க்கப் பௌர்ணமிதான் நல்ல நாள்”

அன்றுதான் மோசம். பௌர்ணமியன்று நிலவின் முகத்தில் வெயில் நேராக விழுகிறது. உச்சி வெயிலில் நம் நிழல் காலடிக்குள் ஒடுங்கிவிடுவது போல, அங்கே மலைகளின் நிழலும் பள்ளங்களின் நிழலும் ஒடுங்கிவிடுகின்றன. மேடு பள்ளம் தெரியாமல், கண் கூசும் வெள்ளைத் தட்டு ஒன்றுதான் மிஞ்சும்.

வளர்பிறை அஷ்டமியை ஒட்டிப் பாருங்கள். ஒளியும் இருளும் சந்திக்கும் கோட்டில் அப்போது அங்கே சூரியன் உதித்துக்கொண்டிருக்கும். பள்ளத்தின் அடி இன்னும் இருட்டில் கிடக்க, நடுவில் உள்ள சிகரத்தின் நுனியில் மட்டும் வெயில் பட்டு ஒரு புள்ளியாக மின்னும். பொறுமை இருந்தால், ஓரிரு மணி நேரத்தில் அந்தப் புள்ளி பெரிதாவதையும் பார்க்கலாம். பொழுது சாயும்போதே நிலா உயரத்தில் இருப்பதால், குழந்தைகளைத் தூக்கத்திலிருந்து எழுப்ப வேண்டிய அவசியமும் இல்லை. இன்னொரு லாபம்: அரை நிலாவின் வெளிச்சம் முழு நிலாவில் பாதி அல்ல, ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். மங்கலான நட்சத்திரங்கள் தப்பிப் பிழைக்கும். நல்ல காரியத்துக்கு ஆகாது என்று நாம் தள்ளிவைக்கும் அஷ்டமி, நவமி இரண்டும் இந்தக் காரியத்துக்கு முகூர்த்த நாட்கள்.

“படத்தில் பார்த்த வண்ணமெல்லாம் தெரியும்”

தெரியாது. ஓரியன் நெபுலா புகைப்படங்களில் ரோஜா நிறமும் ஊதாவுமாக ஜொலிக்கும்; சிறிய தொலைநோக்கியில் வெளிறிய சாம்பல் திட்டு. படம் பொய்யில்லை. கேமரா நிமிடக்கணக்கில், சில சமயம் மணிக்கணக்கில் ஒளியைச் சேர்த்துவைக்கிறது. கண்ணால் அது முடியாது. தவிர, மங்கலான ஒளியில் நிறம் அறியும் கூம்புச் செல்கள் ஓய்ந்துவிட, கறுப்பு வெள்ளை மட்டும் அறியும் கோல் செல்களே வேலை செய்கின்றன. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் படங்களோ நம் கண்ணுக்கே எட்டாத அகச்சிவப்பு ஒளியில் எடுத்து, பிறகு வண்ணம் கொடுக்கப்பட்டவை.

அந்தக் கோல் செல்கள் விழித்திரையின் நடுவில் இல்லாமல் சுற்றுப்புறத்தில் செறிந்திருப்பதால், மங்கலான பொருளை நேராக முறைக்காமல் சற்றுத் தள்ளிப் பார்த்தால் அது பளிச்சென்று மேலெழும். இருட்டுக்குக் கண் பழக இருபது, முப்பது நிமிடம் ஆகும். பக்கத்தில் ஒருவர் செல்போனைத் திறந்தால் அத்தனையும் பாழ். டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டச் சொல்வது இதற்காகத்தான்.

“எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும்?”

நிகழ்ச்சிதோறும் தவறாமல் வரும் கேள்வி. கடைக்காரர்களுக்கு மிகவும் பிடித்த கேள்வியும்கூட. 60 மில்லிமீட்டர் வில்லை கொண்ட கருவியின் அட்டைப்பெட்டியில் 525 மடங்கு என்று அச்சிட்டு விற்கிறார்கள். உருப்படியாகப் பார்க்க, வில்லையின் அகலத்தில் மில்லிமீட்டருக்கு இரண்டு மடங்குதான் உச்சவரம்பு. அதாவது இதற்கு 120. அதைத் தாண்டினால் பெரிதாகத் தெரிவது மங்கல் மட்டுமே. சனியின் வளையம் முப்பது மடங்கிலேயே தெரிந்துவிடும். (2025 மார்ச்சில் வளையத்தின் விளிம்பு நம் பக்கம் திரும்பி, வளையமே மறைந்தது போலானது வேறு கதை.)

தொலைநோக்கியின் முதல் வேலை ஒளியைத் திரட்டுவது. ஜவ்வாது மலையில் காவலூரில் உள்ள வைணு பாப்பு தொலைநோக்கியைப் பற்றிச் சொல்கிறவர்கள் மடங்குக் கணக்கை எடுப்பதில்லை, 2.34 மீட்டர் கண்ணாடி என்றுதான் சொல்வார்கள். இதைச் சாமானியர்களுக்குப் புரியவைத்தவர் ஜான் டாப்சன். சான் பிரான்சிஸ்கோவில் வேதாந்த மடத்துத் துறவியாக இருந்தவர். கப்பல் சன்னல் கண்ணாடியைத் தேய்த்து ஆடியாக்கி, அட்டைக் குழாயிலும் ஒட்டுப்பலகையிலும் பொருத்தி, மடத்தை விட்டு வெளியே வந்தபின் நடைபாதையில் நிறுத்திப் போவோர் வருவோரைக் கூப்பிட்டுக் காட்டினார். 1968இல் அவரும் மற்றவர்களும் தொடங்கிய நடைபாதை வானியலாளர் குழுதான் இன்றைய தெருமுனை நிகழ்ச்சிகள் பலவற்றுக்கும் முன்னோடி.

“நான் பிறந்தபோது என் நட்சத்திரம் உச்சியில் இருந்தது”

இல்லை. நிலா அன்று எந்த நட்சத்திரப் பகுதியில் இருந்ததோ அதுவே உங்கள் ஜன்ம நட்சத்திரம். அது அப்போது அடிவானத்துக்குக் கீழேகூட இருந்திருக்கலாம். பலன் கேட்டால் வானியல் பேச்சாளர் கையை விரிப்பார். நட்சத்திரத்தைக் காட்டச் சொன்னால் உற்சாகமாகிவிடுவார். திருவாதிரைக்காரருக்குச் செம்மஞ்சள் நிறத்தில் ஒன்று, சித்திரைக்காரருக்கு நீலம் கலந்த வெள்ளையில் ஒன்று, கார்த்திகைக்காரருக்கு ஒரு கூட்டமே இருக்கிறது. நிகழ்ச்சிக்கு ஆள் சேர்க்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

“ஆகஸ்டில் செவ்வாய் நிலா அளவுக்குத் தெரியும்”

ஆண்டுதோறும் வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி. மூலம் 2003 ஆகஸ்ட் 27: செவ்வாய் சுமார் 5.6 கோடி கிலோமீட்டர் வரை நெருங்கிய நாள். 75 மடங்கு காட்டும் தொலைநோக்கியில் செவ்வாய், வெறும் கண்ணுக்கு நிலா தெரியும் அளவில் தெரியும் என்றுதான் அன்று எழுதினார்கள். யாரோ தொலைநோக்கியை வெட்டிவிட்டு வாக்கியத்தை மட்டும் அனுப்பிவிட்டார்கள்.

“துருவ நட்சத்திரம்தான் எல்லாவற்றிலும் பிரகாசமானது”

பிரகாசத்தில் அதற்கு ஐம்பதாவது இடத்தை ஒட்டித்தான் இடம். சென்னையில் அடிவானத்திலிருந்து 13 பாகை உயரத்தில், பெரும்பாலும் எதிர்வீட்டு மாடிக்குப் பின்னால் கிடக்கும். வடக்கே தேடி அலுத்தவர்கள் தெற்கே திரும்புவது நல்லது. பிப்ரவரி இரவில் ஒன்பது மணிவாக்கில் அகத்திய நட்சத்திரமும், மே மாதம் அதே நேரத்தில் தென் சிலுவையும் தெரியும். லண்டன்காரர்களுக்கு இரண்டும் உதிப்பதே இல்லை. அதனால், அங்கே அச்சான நட்சத்திர வரைபடத்தை வாங்கிவந்து இங்கே வானத்தோடு ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம். வாங்கும்போதே நம் அட்சரேகைக்கானதா என்று பார்த்து வாங்குங்கள்.