மூடுபனிக் காட்சியில் உருவம் ஒட்டாதபோது

ஓடும் படத்தில் உள்ள உருவத்தைச் சட்டகந்தோறும் வரையும் ரோட்டோஸ்கோப்பிங் முறையை 1915-இல் மாக்ஸ் ஃபிளெய்ஷர் அசைபடத்துக்காக உருவாக்கினார்; உருவத்தின் விளிம்பை வரைந்து பிரித்தெடுக்கவும் இன்று அது பயன்படுகிறது. பிரித்ததை வேறொரு பின்னணியுடன் இணைப்பது காம்போசிட்டிங் எனப்படும். மாணவர் படங்களில் விளிம்பு நடுங்குவதற்குப் பெரும்பாலும் காரணம், ஒவ்வொரு சட்டகத்திலும் மாஸ்க் எனும் வெட்டுக்கோட்டைத் திருத்திக்கொண்டே இருப்பதாகும்; தலை, உடல், கை ஆகியவற்றுக்குத் தனித்தனி மாஸ்க் அமைத்து, அசைவு திசைமாறும் இடங்களில் முதலில் மாஸ்க்கின் நிலையைப் பதியும் கீஃப்ரேம் வைத்து, தேவைப்பட்டால் மட்டும் இடையில் கூட்டுவதே முறை.

கேரள மலைக்கிராமமான வட்டவடையின் படிக்கட்டு வயல்களில் மூடுபனி கவிந்திருக்கையில், தொலைவிலுள்ள கருநிறங்கள் வெளிறிச் சாம்பல்நிறமாகத் தோன்றுவதால், அங்கே பொருத்தப்படும் உருவத்தின் கருமையையும் அதே அளவுக்கு வெளிறச் செய்யாவிட்டால் அது ஒட்டவைத்த படமாகவே தெரியும். பூண்டுப் பாத்தியருகே எடுக்கும் காட்சியில் உருவத்தைப் பிரிக்க நிறத்திரை வைத்தால், பச்சை இலைகளும் திரையோடு நீங்கிவிடாதிருக்கப் பச்சைத் திரையைத் தவிர்த்து நீலத் திரையைப் பயன்படுத்துக.