பின்னக் குறிகளும் பாகக் கணக்கும்



கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்துக்கொள்ளும்படி திருக்குர்ஆன், அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனத்தில் நமக்குக் கட்டளையிடுகிறது. எழுதினால் மட்டும் போதாது. எழுதியவன் கருதியதையே படிப்பவனும் படித்தறிய வேண்டும். பேரேட்டில் மையால் எழுதிய நாளில் இதற்குச் சிரமம் குறைவு. இன்றோ பெடாஸ் வட்டாரத் தோட்டக் கடைகளில்கூடச் சரக்குச் சீட்டும் பற்று வரவும் பாகக் குறிப்பும் கைப்பேசியிலும் கணினியிலும் போய் வருகின்றன. அங்கே பின்னக் குறிகளால் உண்டாகும் குழப்பத்தையும் அதன் பரிகாரத்தையும் இப்பாடத்தில் காண்போம்.

வாரிசுகளுக்கென்று மார்க்கம் வகுத்த பங்குகள் ஆறு: 1/2, 1/4, 1/8, 2/3, 1/3, 1/6. உதாரணமாக, ஒரு வியாபாரி மௌத்தாகிறார். அடக்கச் செலவு, கடன், வஸிய்யத்து ஆகியவை போக மிச்சம் 24,000 வெள்ளி. மனைவியும் தாயும் இரண்டு பெண்மக்களும் உடன்பிறந்த சகோதரர் ஒருவரும் இருக்கிறார்கள். ஆண்மக்கள் இல்லை, தகப்பனாரும் பாட்டனாரும் முன்பே காலமாகிவிட்டனர். மனைவிக்கு 1/8, அதாவது 3,000. தாய்க்கு 1/6, அதாவது 4,000. பெண்மக்கள் இருவருக்கும் சேர்த்து 2/3, அதாவது 16,000. ஆக 23,000. மீதி 1,000, அஸபா என்ற முறையில் சகோதரருக்குச் சேரும்.

இதே கணக்கை எக்செல் ஏட்டில் போடுவோம். 1/8 என்று தட்டியதும் அது பின்னமாக நிற்பதில்லை. தேதியென்று எடுத்துக்கொண்டு, நம் நாட்டு வழக்கப்படி ஆகஸ்டு 1 ஆக்கிவிடும். 1/6 ஜூன் 1 ஆகும். 2/3 மார்ச் 2 ஆகும். அந்தத் தேதியோ உள்ளுக்குள் 1900ஆம் ஆண்டுத் தொடக்கத்திலிருந்து எண்ணிய நாட்களின் தொகையாக இருக்கிறது. இப்போது அது நாற்பத்தையாயிரத்துக்கும் மேல். அதைக் கொண்டு 24,000ஐப் பெருக்கினால் விதவையின் பங்கு என்னவாகும்! இதற்குப் பரிகாரம் எளிது. முதலில் 0, பிறகு ஓர் இடைவெளி, அதன்பின் 1/8 என்று தட்டினால் பின்னமாகவே நிற்கும்.

இரண்டாவது குழப்பம் இடைவெளியால் வருவது. 1 1/2 கிலோ என்று எழுதும்போது நடுவில் இடைவெளி விட்டுப்போனால் 11/2 ஆகிறது. அது ஐந்தரை! இங்கே ஒரே குறியாக 1½ என்று எழுதுவதே உத்தமம்.

இத்தகைய குறிகள் யாவும் யூனிகோடு என்னும் உலகப் பொது முறையில் இருக்கின்றன. 1991இல் வெளியான அம்முறையில் ஒவ்வோர் எழுத்துக்கும் குறிக்கும் தனி எண் உண்டு. விண்டோஸ் கணினியில் ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு, வலப்புற எண் விசைகளில் 0189 தட்டினால் ½ வரும். 0188 தட்டினால் ¼. 0190 தட்டினால் ¾. 0215 தட்டினால் பெருக்கல் குறி ×. வேர்டு ஏட்டில் 2159 என்று தட்டி, ஆல்ட் விசையுடன் எக்ஸ் விசையை அழுத்தினால் ⅙ வரும். அவ்விதமே 2153க்கு ⅓, 2154க்கு ⅔. முன்னால் வேறு எண் ஒட்டியிருக்கலாகாது. கைப்பேசிகள் பலவற்றில் 1 என்னும் விசையை அழுத்திப் பிடித்தாலே ½, ⅓, ¼ தோன்றும்.

நினைவிருக்கட்டும்: எக்செல் ஏட்டில் ⅛ என்ற ஒற்றைக் குறி வெறும் எழுத்தே, அதைக் கொண்டு பெருக்க முடியாது. கணக்குப் போடுவதற்கு 0 1/8, படித்துக்காட்டுவதற்கு ⅛.

நம் முன்னோருக்கும் குறிகள் இருந்தன. நாளுக்கு ௳, மாதத்துக்கு ௴, வருடத்துக்கு ௵, பற்றுக்கு ௶, வரவுக்கு ௷, மேற்படிக்கு ௸, ரூபாய்க்கு ௹. இவை 2003இல் யூனிகோடில் சேர்ந்தன. அரை, கால், அரைக்கால், மாகாணி முதல் 1/320 ஆகிய முந்திரி வரையுள்ள பின்னக் குறிகள் 2019இல்தான் சேர்ந்தன. பல கருவிகளில் இன்னும் அவை வெறுங்கட்டமாகவே தெரிகின்றன. மேலும் 320 மூன்றால் மீதியின்றி வகுபடாது. ஆதலால் அவ்வரிசையில் 1/3க்கும் 1/6க்கும் குறி கிடையாது. அரைக்காலை எழுதிய பழங்கணக்கனும் தாயின் பங்கை “ஆறில் ஒன்று” என்று சொல்லால்தான் எழுதியிருக்க வேண்டும்.

அது குறையன்று. ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல்குவாரிஸ்மீ அவர்களின் நூற்பெயரிலுள்ள ‘அல்ஜப்ரு’ என்ற சொல்லே அல்ஜீப்ராவுக்குப் பெயராயிற்று. அந்நூலின் பெரும்பகுதி வஸிய்யத்து, வாரிசுரிமைக் கணக்குகளே. அவ்வளவையும் அவர் குறிகளின்றிச் சொற்களாலேயே எழுதினார்.

ஆகவே வியாபாரச் சகோதரர்கள் மூன்று வழக்கங்களைக் கைக்கொள்வது நலம். ஒன்று, குறியோடு சொல்லையும் எழுதுதல்: “மனைவிக்கு ⅛ (எட்டில் ஒன்று)”. சிறிய திரையில் ⅓ம் ⅛ம் ஒன்றுபோலவே தோன்றும். சொல் அப்படி மயக்காது. இரண்டு, பங்கோடு வெள்ளித் தொகையையும் எழுதுதல். மூன்று, எல்லாப் பங்குகளையும் கூட்டி மொத்தத்தோடு சரிபார்த்த பிறகே அனுப்புதல். பாகம் பிரிப்பதை ஆலிம்களிடமும் உரிய அலுவலகத்திலும் கேட்டுச் செய்க. அவர்கள் சொன்னதைப் பிசகாமல் எழுதிக் கொடுப்பது நம் பொறுப்பு. விதவைக்கும் அநாதைக்கும் உரிய பங்கு ஒரு சிறு கோட்டினால் குறைந்துபோக நாம் காரணமாகலாகாது.