தேரடியில் பிறந்த பேச்சு

கேள்வி: எதிர்ப்பட்டதை எல்லாம் நசுக்கிச் செல்லும் சக்தியை ஆங்கிலத்தில் 'ஜகர்நாட்' என்கிறார்களே, அது நம் நாட்டுச் சொல்லா?
– வாசகர், சுந்தரபாண்டியம்

பதில்: ஆம், பூரி ஜெகந்நாதரின் பெயர்தான். இந்தியத் தேர்த் திருவிழாவில் பக்தர்கள் சக்கரத்தடியில் விழுந்து உயிர்விடுவதாக ஓடோரிக் என்ற இத்தாலியத் துறவி 14ஆம் நூற்றாண்டிலேயே எழுதினார். இத்தகைய கதைகள் பெருகி, 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் அந்தப் பொருள் நிலைத்துவிட்டது. தேரோட்டத்துக்கு இழைத்த பெரிய அநியாயம் இது. உங்கள் பக்கத்து ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத்தன்று ஆண்டாள் தேரின் வடம் பிடித்தவர்களைக் கேளுங்கள். 'ஊர் கூடித் தேர் இழுப்பது' என்று நாம் ஒற்றுமையை அல்லவா சொல்கிறோம்! 'முட்டுக்கட்டை போடுவது' என்பதை மட்டும் இடைஞ்சலாக்கிவிட்டோம். தேரோட்டத்திலோ, சக்கரத்துக்குக் கட்டை கொடுப்பவர்தான் தேரைத் திருப்புகிறார், நிறுத்துகிறார், கூட்டத்தைக் காக்கிறார்.